மூலை அறைக்கு ஆறு சீட்டு

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்ததும் மேஜைமேல் ஆறு சீட்டுகள் விழுந்தன. பேராசிரியர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்.

"பூஜ்யம்," என்றார். அடுத்தது. "இதுவும் பூஜ்யம்."

மூன்றாவது சீட்டும் பூஜ்யம். நாலாவதில் பன்னிரண்டு. ஐந்தாவதும் ஆறாவதும் பூஜ்யம். பூஜ்யங்களுக்கு முன்னால் இருந்த எண் ஏதாவது உதிர்ந்து கிடக்கிறதா என்று டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினார். பிஸ்கட் தூள்தான் வந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ஐந்து பேரும், கண்ணாமூச்சியில் ஒளிந்திருக்கும் பிள்ளைகள் மாதிரி, மூச்சு விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐந்து பூஜ்யம், ஒரு பன்னண்டு," என்றார் துறைத் தலைவியான புள்ளியியல் மேடம். "அப்போ முடிஞ்சுது. பன்னண்டு எழுதினவங்களுக்கு மூலை ரூம். பேரைப் பிரிச்சுப் பாத்துடலாமா?"

மேடம் கையை நீட்டினார். பேராசிரியர் அந்தச் சீட்டின்மேல் உள்ளங்கையைப் பொத்தென்று வைத்தார். ஏனென்றால் அந்தப் பன்னிரண்டு அவருடையது. கையெழுத்து தெரியக்கூடாதென்று இடது கையால் எழுதியிருந்தார். ஒன்று சாய்ந்தும் இரண்டு மல்லாந்தும் கிடந்தன.

"இல்ல மேடம். இந்த ஏலம் செல்லாது."

"ஏன் சார்?"

"நடைமுறைக் கோளாறு," என்று சொல்லிவிட்டு, சீட்டுகளை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், பொருளாதாரத் துறை புதுக் கட்டடத்துக்குக் குடிபோகிறது. மூன்றாம் மாடியில் 301 முதல் 306 வரை ஆறு அறைகள், துறையில் ஆறு பேர். நடுவில் உள்ள நாலும் அச்சில் வார்த்தது போல ஒன்றே. 306 மூலை அறை. இரண்டு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பெரிய மரம், உள்ளே காற்று. 301 கழிவறைக்கு அடுத்த சுவர்.

நம் பேராசிரியர் பழைய கட்டடத்தில் பத்தொன்பது வருடமாகக் கழிவறைக்கு அடுத்த அறையில்தான் இருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் யார் எப்போது போனார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், கை கழுவினார்களா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருமுறை வெளிநாட்டு அறிஞர்கள் நாற்பது பேருக்குக் கணினி வழியாக உரையாற்றி, "இவ்வாறாக அனைவரும் சமநிலையை அடைகிறார்கள்" என்று அவர் முடித்த கணத்தில், பின்சுவரில் யாரோ தண்ணீரை இழுத்துவிட்டார்கள். நாற்பது பேரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆகவே மனிதருக்கு 306 மேல் கண். கண் என்றால் சாதாரணக் கண் இல்லை. கட்டடம் எழும்பும்போதே தினமும் சாயங்காலம் போய் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் நின்றுவிட்டு வருவார். பெயின்ட் அடிப்பவர்கள் அவரை இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டு, "சார், வெள்ளை இன்னும் ரெண்டு வாளி வேணும்," என்பார்கள். "சொல்லிடறேன்," என்பார் இவரும்.

புள்ளியியல் மேடம் முதலிலேயே, "சீனியாரிட்டிபடி குடுத்துட்டாப் போச்சு," என்றார். எல்லாருக்கும் மூத்தவர் பொருளாதார வரலாறு ஐயா. அவருக்கு முழங்கால் வலி, லிஃப்ட் பக்கத்து அறை போதும் என்று சொல்லிவிட்டார். அடுத்த மூப்பு நம்மவர்தான். தலையை ஆட்டியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

ஆனால் அவருக்கு 'ஏலம் சார்' என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? முகத்துக்கு நேரே 'சார்', திரும்பி நடந்தால் 'ஏலம்'. இருபத்திரண்டு வருடமாக ஏலத்தை எப்படி வடிவமைப்பது என்றே ஆராய்ச்சி. சுரங்க ஏலம், மீன் ஏலம், விமான நிலையத்தில் வண்டி நிறுத்தும் ஏலம் எல்லாம் எழுதித் தள்ளியாயிற்று. இத்தனைக்கும் வாழ்நாளில் எந்த ஏலத்திலும் ஒரு கரண்டிகூட எடுத்ததில்லை.

"சீனியாரிட்டிங்கறது யார் முன்னாடி வந்தாங்கன்னு மட்டும்தான் சொல்லும் மேடம். யாருக்கு அதிகமா வேணும்னு அது சொல்லாது," என்றார். 'எனக்குத்தான் அதிகமாக வேண்டும்' என்பதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நா எழாது. எண் சொல்லட்டும் என்று பார்த்தார்.

ஏலத்தில் காசு கிடையாது. தேர்வு டியூட்டிதான் காசு. மூன்று மணி நேரம் தேர்வுக் கூடத்தில் நிற்க வேண்டும். உட்காரக்கூடாது, படிக்கக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது, கொட்டாவி விட்டால் அறுபது பேர் சேர்ந்து கொட்டாவி விடுவார்கள். அதைப் போல ஒரு தண்டனையை எந்தச் சட்டப் புத்தகமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மூலை அறைக்காக வருடத்துக்கு எத்தனை டியூட்டி கூடுதலாகப் பார்ப்பீர்கள் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும். பெயர் உள்மடிப்பில் இருக்கும். அதிகம் எழுதியவருக்கு அறை. ஆனால் அவர் எழுதியதைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவதாக வந்த எண் எதுவோ அத்தனை டியூட்டி பார்த்தால் போதும். குறைவாக எழுதியவருக்கு 301. சமமாக எழுதியவர்கள் தங்களுக்குள் குலுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

"இந்த முறையில பொய் எழுதினா எழுதினவனுக்குத்தான் நஷ்டம். உண்மையை எழுதறதுதான் புத்திசாலித்தனம். முப்பது பக்கத்துல நிரூபிச்சிருக்கேன்," என்று சொல்லித்தான் டப்பாவை வைத்தார். அதற்குத்தான் ஐந்து பூஜ்யம்.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டார், "என்னங்க, ரூம் கெடச்சுதா?"

அந்த அம்மாள் தொலைபேசி நிறுவனத்தில் குறை கேட்கும் பிரிவில் இருக்கிறார். பகலில் ஊரார் குறையைச் சம்பளத்துக்குக் கேட்கிறார், சாயங்காலம் கணவர் குறையை இனாமாகக் கேட்கிறார்.

"கெடச்சுது."

"அட! எத்தனை டியூட்டிக்கு?"

"ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது எண் பூஜ்யம்."

"சும்மாவே கெடச்சுதா? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ரத்து பண்ணிட்டேன்."

அம்மாள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினார். "என்னது?"

"அஞ்சு பேரும் பூஜ்யம் எழுதியிருக்காங்கம்மா. மூலை ரூம் மேல யாருக்குமே ஆசை இல்லாம இருக்குமா? பூஜ்யம் எழுதினா 301 தலையில விழும்னு தெரியாதா? தெரிஞ்சும் எழுதியிருக்காங்கன்னா, கூடிப் பேசியிருக்காங்க. இதுக்குக் கூட்டுச் சதின்னு பேர்."

"எதுக்குச் சதி?"

"அவங்க ஒரு ஆளை முடிவு பண்ணியிருக்காங்க. மத்தவங்க எல்லாம் பூஜ்யம் போட்டா அந்த ஆளுக்கு ரூம் சும்மா கெடைக்கும். பாடப்புத்தகத்துல இருக்கற சதி. அந்த ஆளும் ஏதோ குழப்பத்துல பூஜ்யமே போட்டுட்டாரு."

"எவனோ என்னமோ பண்ணிட்டுப் போறான். ரூம் உங்களுக்குத்தானே வந்துச்சு?"

"தப்பான வழியில வந்துச்சு."

"தண்ணி சரியான வழியில வந்தா என்ன, தப்பான வழியில வந்தா என்ன? குடத்தை வைக்க வேண்டியதுதானே?" என்றார் அம்மாள். மறுபடி துணி மடிக்கத் தொடங்கினார்.

மறுநாள் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம். இரண்டாம் ஏலம் வெள்ளிக்கிழமை. இனி மூன்றுக்குக் கீழே யாரும் எழுதக்கூடாது. கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்: 'சதியில் பங்குகொண்ட எவரேனும் தாமாக முன்வந்து பேராசிரியரிடம் தனிமையில் தெரிவித்தால், அவருக்கு 301 ஒதுக்கப்பட மாட்டாது.'

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்த வங்கியியல்காரருக்குச் சுருக்கென்றது. அவர் மெதுவாகப் பேசினாலே அடுத்த துறைக்குக் கேட்கும்.

"என்ன சார் இது? நாங்க என்ன கடத்தல்காரங்களா? காட்டிக் குடுத்தா மன்னிப்பா?"

"கோவப்படாதீங்க சார். குற்றம் செய்யாதவங்க பயப்பட வேண்டியதில்ல."

"பயமா? எனக்கா? உங்களைப் பாத்தா?"

"சார், சார்," என்று புள்ளியியல் மேடம் நடுவில் புகுந்தார். "ஏலம் சா... சாரி, சார். நடந்தது நல்லாத்தானே நடந்துச்சு. அந்தப் பன்னண்டுக்கே குடுத்துடுங்களேன். எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வயலைப் படத்தில் மட்டுமே பார்த்த வேளாண் பொருளாதாரக்காரர்கூட, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர், "குடுத்துடலாம் சார்," என்றார்.

இப்படி ஒருமுகமாக அவர்கள் சொன்னதுதான் பேராசிரியரின் சந்தேகத்துக்கு நெய் வார்த்தது. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத ஐந்து பேர். தேநீரில் சர்க்கரை போதுமா என்பதற்கே போன வருடம் கூட்டம் போட்டு, முடிவெடுக்காமல் கலைந்தவர்கள். இவர்கள் ஒரே குரலில் பேசினால் அதற்குப் பின்னால் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்குமா?

பேச்சை உடைத்தால் சதி உடையும். ஆகவே தேநீர் இடைவேளையில் கை வைத்தார். பதினொன்றுக்கு ஒருவர், பதினொன்று பத்துக்கு ஒருவர் என்று அட்டவணை போட்டு, வெள்ளிக்கிழமை வரை உணவகத்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரி விதிப்பு மேடத்தின் நேரத்தில் வரலாறு ஐயா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட, "உங்க நேரம் பதினொண்ணு முப்பது ஐயா," என்று திருப்பி அனுப்பினார்.

"தம்பி, மாத்திரை போடத் தண்ணி வேணும்பா."

"மாத்திரையை மேடம் போனதுக்கப்புறம் போடலாமே."

ஐயா முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறிப் போனார். இது பரவுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஐயா மாடி ஏறி முடிப்பதற்குள் கணிதத் துறை வரைக்கும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை டப்பாவைக் கவிழ்த்தார். மூன்று. மூன்று. மூன்று. மூன்று. மூன்று. பன்னிரண்டு.

எழுதக்கூடிய ஆகக் குறைந்த எண்ணை ஐந்து பேரும் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு மறுபடியும் மல்லாந்து கிடந்தது. சட்டப்படி பார்த்தால் வருடத்துக்கு மூன்றே டியூட்டியில் மூலை அறை அவருக்கு.

"ரத்து," என்றார் பேராசிரியர்.

"யோவ்!" என்று வங்கியியல்காரர் எழுந்தேவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "யோவ்... சார்!" என்றார்.

"சார், கெஞ்சிக் கேக்கறேன்," என்றார் புள்ளியியல் மேடம். "அந்தப் பன்னண்டுக்குக் குடுத்துட்டு எங்களை வீட்டுக்குப் போக விடுங்க."

"மேடம், நீங்களே புள்ளியியல். ஆறுல அஞ்சு பேரு ஒரே எண்ணை எழுத வாய்ப்பு எவ்வளவு சொல்லுங்க?"

"ரொம்பக் கம்மி."

"அப்போ?"

மேடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மற்ற நாலு பேரும் அவரைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டார். இதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா என்பது போலப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு துடைத்த கையோடு ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டார்.

"நாம எல்லாம் படிச்சவங்க. ஏலத்தோட அழகே உண்மைதான். அடுத்தவங்க சொன்னாங்கன்னு எழுதாதீங்க. அடுத்தவங்களுக்காகவும் எழுதாதீங்க. அது பச்சை ஏமாத்து. திங்கக்கிழமை கடைசி ஏலம், அஞ்சுக்குக் குறையாம. இந்த முடிவை யாரும் மாத்த முடியாது, நான் உட்பட. உங்க மனசுல உள்ளதை அப்படியே எழுதுங்க."

"ஏமாத்துன்னா சொன்னீங்க?" என்றார் வரி விதிப்பு மேடம்.

"மனசுல உள்ளதையா?" என்றார் வரலாறு ஐயா. "எழுதறேன் தம்பி. எழுதறேன்."

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஆறு என்று எழுதினார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏங்க, பன்னண்டுதானே எழுதுவீங்க?"

"பன்னண்டுன்னாலே எல்லாரும் என்னையே பாக்கறாங்கம்மா. அவங்க எப்படியும் அஞ்சுதான் எழுதப் போறாங்க. ஆறு போதும்."

"பன்னண்டு எழுதினாலும் ரெண்டாவது எண்தானே குடுக்கப் போறீங்க? அதுல என்ன மிச்சம்?"

"மிச்சம் ஒண்ணும் இல்ல. பாக்கறதுக்குக் கௌரவமா இருக்கும்."

"உண்மையை எழுதறதுதான் புத்திசாலித்தனம்னு முப்பது பக்கம் எழுதினது நீங்கதானே? நான்தானே உக்காந்து டைப் அடிச்சேன்?"

"அது மத்தவங்களுக்கும்மா," என்றார் பேராசிரியர்.

திங்கட்கிழமை டப்பா கவிழ்ந்தது. முதல் சீட்டு: பதினாலு. பேராசிரியர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் அது ஐந்தாகவில்லை. அடுத்தது பதினைந்து. அடுத்தது பதினொன்று. பிறகு இன்னொரு பதினாலு. பிறகு ஒன்பது. கடைசியாக, நல்ல வலது கைக் கையெழுத்தில், ஆறு.

பதினைந்தின் மடிப்பைப் பிரித்தார்கள். வங்கியியல்காரர்.

"எனக்கு அந்த ரூமே தேவையில்ல," என்றார் அவர். "காத்து பட்டாலே எனக்குத் தும்மல். ஆனா மனசுல உள்ளதை எழுதுன்னு சொன்னீங்க. என் மனசுல அன்னைக்கு இருந்தது பதினஞ்சு டிகிரி கோவம்."

ஆகக் குறைந்த சீட்டின் மடிப்பைப் பிரித்தது புள்ளியியல் மேடம். பிரித்துப் படித்துவிட்டு, அதை மேஜைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சார்... இது நீங்களா?"

பேராசிரியர் தலையசைத்தார்.

"ஆறுதானா? அந்த ரூம் உங்களுக்கு அவ்வளவுதானா வேணும்?"

இங்கேதான் மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு என்றால் பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தன் ஏலத்தில் யாரும் பொய் எழுத மாட்டார்கள் என்று உலகத்துக்கே நிரூபித்தவர், தானே எழுதினேன் என்று எப்படிச் சொல்வார்? முப்பது பக்கமும் காற்றில் பறக்குமே.

"ஆமா மேடம். உண்மையைத்தான் எழுதினேன்," என்றார்.

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரலாறு ஐயா மட்டும் மெதுவாக, "நாமதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம் போலிருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தார். எதைச் சொன்னார் என்று கேட்கப் பேராசிரியருக்குத் தோன்றவில்லை. அவர் மனம் அப்போது 301-இன் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

ஆனாலும் ஆராய்ச்சியாளன் ஆராய்ச்சியாளன்தான். அறை போனால் என்ன, சதி உடைந்ததல்லவா? பூஜ்யம், பிறகு மூன்று, பிறகு பதினைந்து! இவ்வளவு அழகான தரவு எந்த நாட்டில் கிடைக்கும்? குடிபோன அன்றைக்கே 301-இல் பெட்டிகளைப் பிரிக்காமல் அவற்றின்மேலேயே காகிதத்தை விரித்து, 'கூட்டுச் சதியை முறிப்பது எப்படி: ஒரு நேரடிச் சோதனை' என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். பின்சுவரில் தண்ணீர் இழுத்தது. புதுக் குழாய் என்பதால் சத்தம் கணீரென்று இருந்தது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், வங்கியியல்காரர் இரண்டு ஜன்னலையும் இழுத்துச் சாத்தி, காற்று புகாமல் இடுக்கில் செய்தித்தாளை அடைக்கும் சத்தமும் கேட்டது.

முதல் பத்தி முடிந்தபோது கதவைத் தட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். தோளில் துளையிடும் கருவி, கையில் துணியில் சுற்றிய பெயர்ப்பலகைகள். போர்டு எழுதுபவர்.

"சார், உங்க போர்டை மாட்டணும். எந்தப் பக்கம்?"

"என் பேருக்கு போர்டா? நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றார் பேராசிரியர், பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்காமல்.

"நீங்க சொல்லல சார்," என்று அவர் துணியைப் பிரித்து, தங்க நிற எழுத்தில் பேராசிரியரின் பெயரும் கீழே 306 என்ற எண்ணும் பொறித்த பலகையை வெளியே எடுத்தார். "முதல் ஏலத்துக்கு முந்தின நாளே உங்க டிபார்ட்மென்ட்காரங்க அஞ்சு பேரும் கடைக்கு வந்து, 'அவரு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, நாளைக்கு நாங்க எல்லாரும் பூஜ்யம் எழுதி மூலை ரூமை அவருக்கே வாங்கிக் குடுத்துடறோம்'னு சொல்லி ஆர்டர் குடுத்துட்டுப் போனாங்க, இப்ப அந்த ஆறை மட்டும் சுரண்டிட்டு ஒண்ணு போட்டுடவா சார்?"